மூன்று டயர்கள்

ஹார்ட்ஸெல், டெக்ஸாஸ்
பிப்ரவரி 20, 2023

அண்ணிக்கு,

ஹாலிஸ் எழுதுகிறேன். பதினோரு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது உங்கள் இஷ்டம். அதனால் லிவிங்ஸ்டனில் உங்கள் தபாலையெல்லாம் வாங்கி வைத்து, கட்டாகக் கட்டி அனுப்புவார்களே, அந்த விலாசத்துக்கு இதைப் போடுகிறேன். எத்தனை வாரம் கழித்து உங்கள் கைக்கு வருமோ தெரியாது. டிரெஸிக்கு நீங்கள் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையில் குவார்ட்ஸைட் முத்திரை இருந்தது. பாலைவனத்தில்தான் இருக்கிறீர்கள் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். என்னை யாராவது அப்படிக் கேட்டால் எனக்கே கோபம் வருகிறது.

மார்ச் வருகிறது. பன்னிரண்டு வருஷமாக மார்ச் முதல் வாரம் நீங்கள் இரண்டு பேரும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு என் டயர் கடை வாசலில் வந்து நிற்பீர்கள். அண்ணன் இறங்கும்போதே, “டேய் போலீஸ்காரா, கதவத் தெற, குற்றவாளி வந்திருக்கான்” என்று கத்துவான். தெருவே திரும்பிப் பார்க்கும். நான் விளக்கு, பிரேக், டயர் எல்லாம் பார்த்துச் சோதனைத்தாள் எழுதித் தருவேன். வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும் தாளில், வெளிமாநிலத்தில் இருக்கிறேன் என்ற கட்டத்தில் டிக் போட்டாலே அந்த வருஷத்துக்குப் போதும், வர வேண்டியதில்லை. அண்ணன் ஒரு வருஷம்கூட அந்த டிக்கைப் போட்டதில்லை.

இந்த வருஷமும் நீங்கள் வர வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிரெய்லரின் டயர்களை நான் பார்க்காமல் நீங்கள் அதை எங்கேயும் இழுத்துப் போகக் கூடாது. வர முடியாது என்றால் நான் அங்கே வருகிறேன். அக்டோபரில் டெமிங் ஊர்ப் பக்கத்தில் வெடித்தது ஒன்றுதான். மீதி மூன்றும் அதே செட்தான்.

ஆஸ்டினில் சட்டசபையில் ஒரு மசோதா போட்டிருக்கிறார்கள். வண்டிச் சோதனையையே எடுத்துவிடுவார்களாம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் பேசுகிறார்கள். “உனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடுச்சு ஹாலிஸ்” என்கிறார்கள். நான் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

அக்டோபரில் சாவியை ஒளித்து வைத்தது தப்பு. நீங்கள் சின்னப் பிள்ளை இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். காரணம் இருந்தது.

ஹாலிஸ்


குவார்ட்ஸைட், அரிசோனா
மார்ச் 6

ஹாலிஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. கூடவே ஒரு பல் ஆஸ்பத்திரி விளம்பரமும் உன் அண்ணன் வெல்டன் பெயருக்கு ஒரு துப்பாக்கிக் கடைப் புத்தகமும்.

நான் வரவில்லை. கட்டத்தில் டிக் போட்டு அனுப்பியாகிவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த ஒரு நிமிஷத்துக்காகவா ஆயிரத்து இருநூறு மைல் ஓட்டினோம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, வேறொன்றும் தோன்றவில்லை.

காரணம் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். புருஷனைப் புதைத்து மூன்றாம் நாள் நான் டிரெய்லரை இழுக்கும் என் பிக்கப்பின் சாவியைத் தேடி உன் வீட்டு மாவு டப்பா வரைக்கும் கையை விட்டேன். உன் பெண்டாட்டி டிரெஸி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “எதையாவது தொலைச்சுட்டீங்களா அக்கா?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும், உன் சட்டைப் பையில் இருந்தது என்று. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் இருபத்தாறு அடி டிரெய்லரை ஒரே தடவையில் பின்னால் தள்ளி நிறுத்துவேன். வெல்டனால் அது முடியாது. அது உனக்கும் தெரியும்.

நீங்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் போன நேரத்தில் மாற்றுச் சாவியைப் போட்டுக் கிளம்பினேன். ஓடிப்போகவில்லை. டிரெஸியின் பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. காலையில் எழுந்திருக்கிறேன். தண்ணீர் கேனை நிரப்பிக்கொண்டு வருகிறேன். டிரெய்லரின் பக்கச் சுவர் வெளியே நீளுமே, அதை நீட்டுவதில்லை. நீட்டுவதற்கு முன்னால் வெளியே நின்று ஒருவர் “போடலாம்” என்று சொல்ல வேண்டும். நீட்டாமலேயே இருக்கப் பழகிவிட்டது. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் பக்கவாட்டில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து இடத்தில் ஆர்விட், மேவிஸ் என்று கனடாக்காரர்கள். ஆர்விட்டுக்கு எல்லாம் தெரியும். எது கேட்டாலும் தெரியும். கேட்காவிட்டாலும் தெரியும். சாயங்காலம் எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாக உட்காருகிறார்கள். பாதிப் பேரின் வண்டியில் டெக்ஸாஸ் நம்பர் பலகை. ஒருத்தருக்கும் டெக்ஸாஸில் வீடு இல்லை, லிவிங்ஸ்டனில் ஒரு தபால் பெட்டி நம்பர் இருக்கிறது. உன் மசோதாவைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் எழுந்து நின்று, “இனிமே அந்த மாநிலத்துல கால வைக்கவே தேவையில்ல, ஓட்டுப் போடறதும் தபால்ல, சாகறது மட்டுந்தான் நேர்ல” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. நானும் தட்டினேன்.

இந்த இடம் ஏப்ரல் 15 வரைதான். அதற்குப் பிறகு யாரும் தங்கக் கூடாது, வெயிலும் தாங்காது. மே முதல் தேதி ஐடஹோவில் ஒரு முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. அடுப்புக் குழிச் சாம்பலை அள்ள வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும். ஏப்ரல் 14 காலையில் கிளம்புவேன். ஆயிரம் மைலுக்குக் கொஞ்சம் குறைவு.

நீ இங்கே வராதே. உன் வண்டி இந்த மண் பாதையில் திரும்புவதைப் பார்த்தால் அந்த நிமிஷமே டிரெய்லர் கொக்கியை மாட்டிக் கிளம்பிவிடுவேன்.

ஜோனெல்


ஹார்ட்ஸெல்
மார்ச் 14

அண்ணிக்கு,

வரவில்லை. நீங்கள் சொன்னதைச் செய்கிறவர் என்று தெரியும். நான் வந்து, நீங்கள் கோபத்தில் அந்த டயர்களோடு கிளம்பினால் அதைவிட மோசம் வேறில்லை.

சாவியைப் பற்றி நீங்கள் எழுதியதை டிரெஸியிடம் படித்துக் காட்டினேன். “அவங்க மாவு டப்பாவுல கைய விட்டத நான் பார்க்கலன்னு சொல்லிடுங்க” என்றாள். பிறகு எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். வெயில் ஏறுமுன் ஒரு பாயை விரித்து டிரெய்லருக்குக் கீழே படுங்கள். டயரின் உள்பக்கம், அதாவது தெருவில் நிற்கிறவருக்குத் தெரியாத பக்கம், எழுத்துகள் வரிசையாக இருக்கும். அதன் கடைசியில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நாலு எண்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அதைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பக்கத்தின் வெட்டு, எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். வெயிலில் நின்று நின்று உள்ளே நார் விட்டுப் போகும், மேலே பார்த்தால் புதுசு மாதிரி பளபளக்கும். இது எல்லா டயர்க்காரனுக்கும் தெரியும். டிரெய்லர்க்காரர்கள்தான் பட்டனைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வரும் 28ஆம் தேதி ஆஸ்டினில் மசோதாவைப் பற்றி ஜனங்களைக் கேட்கிறார்களாம். ஆளுக்கு இரண்டு நிமிஷம். பெயர் கொடுத்திருக்கிறேன். சர்ச்சில் அறிவிப்பு வாசிக்கச் சொன்னாலே டிரெஸியிடம் தள்ளிவிடுவேன், உங்களுக்குத் தெரியும். ஆனாலும் போகப் போகிறேன்.

தயவுசெய்து அந்த எண்ணைப் பாருங்கள்.

ஹாலிஸ்


குவார்ட்ஸைட்
மார்ச் 24

ஹாலிஸ்,

இந்த முறை கடிதம் சீக்கிரம் வந்துவிட்டது.

நான் கீழே படுக்கவில்லை. ஆர்விட் பார்த்தார். கூப்பிடாமலேயே வந்தார். உன் கடிதம் மேஜை மேல் இருந்ததை மேவிஸ் பார்த்திருக்கிறாள். ஆர்விட் ஒரு நாணயத்தை எடுத்துப் பட்டனுக்குள் விட்டுப் பார்த்தார். “பாதி நாணயம் உள்ள போகுது. இன்னும் இருபதாயிரம் மைல் ஓடும். உங்க மச்சினருக்கு டயர் விக்கணும்போல” என்றார். மேவிஸ் அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

அவை பழைய டயர்கள் இல்லை. போன வருஷம் ஜனவரியில், இதே பாலைவனத்தில் இருக்கும்போது வெல்டன் ஜெனரேட்டரை விற்றுப் புதிதாக வாங்கி மாட்டியவை. நாலும் ஒரே செட். “பாரு ஜோனெல், பிறந்த குழந்தையோட கால் மாதிரி” என்று என் கையைப் பிடித்துத் தடவச் சொன்னார். தடவினேன். ஒன்று ஆணி ஏறி வெடித்தது. ஆணி எந்த டயரிலும் ஏறும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நீயும்தான் போன மார்ச்சில் பார்த்துத் தாள் எழுதிக் கொடுத்தாய். அப்போது சரி, இப்போது சரியில்லையா?

இனி டயரைப் பற்றி எழுதாதே. வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. மழை பெய்ததா என்று எழுது.

நேற்று கடையில் ஒரு பெண் என்னிடம், “தனியாவா இருக்கீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “தைரியந்தான்” என்றாள். தைரியம் என்று ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். பயமும் இல்லை, தைரியமும் இல்லை. உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜோனெல்


ஹார்ட்ஸெல்
மார்ச் 30

அண்ணிக்கு,

மழை பெய்தது. இரண்டு நாள் நல்ல மழை. இதற்கு மேல் எழுதப் போவது டயரைப் பற்றித்தான். படிக்காமல் கிழித்துப் போடாதீர்கள். இதை விரைவுத் தபாலில், குவார்ட்ஸைட் தபால் ஆபீசுக்கே அனுப்புகிறேன். நீங்கள் வாங்கியதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆஸ்டினுக்குப் போனேன். ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் உங்களைப் போல வருஷம் முழுக்க டிரெய்லரில் இருக்கும் ஒருவர் பேசினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நல்லவிதமாகப் பேசினார்.

“ஐயா, நான் மெய்ன்ல இருந்தாலும் மான்டானால இருந்தாலும் ஒரு காகிதத்துக்காக இங்க வரவேண்டியிருக்கு. என் வண்டியில அபாயம்னு ஒண்ணு இருந்தா, அது அந்தக் காகிதத்துக்காக நான் ஓட்டுற ரெண்டாயிரம் மைல்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை வண்டியைப் பிரேக் இல்லாமல் பார்த்தேன், எத்தனை வண்டியில் பின்விளக்கு எரியவில்லை, அதெல்லாம். மணி அடித்துவிட்டது. எழுந்திருக்கும்போது மேடையில் இருந்த ஒரு உறுப்பினர் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

“மிஸ்டர் ப்ரூவிட், ஒரு நிமிஷம். நீங்க பாஸ் போட்டு அனுப்பின வண்டி ஏதாவது விபத்துல மாட்டியிருக்கா?”

“ஒண்ணு.”

“எப்ப?”

“அக்டோபர்ல. டயர் வெடிச்சுது. என் அண்ணன் ரோட்டோரம் நிறுத்தி மாத்திக்கிட்டிருந்தான். பின்னால வந்த லாரி அடிச்சிடுச்சு.”

 அவர், “வருத்தமா இருக்குங்க” என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு, “சோதனையில அந்த டயர் சரியா இருந்துதா?” என்று கேட்டார்.

“சட்டப்படி சரியா இருந்துது.”

“சட்டப்படி சரி, ஆனா வெடிச்சுது. அப்ப சோதனையால என்ன பிரயோஜனம், சொல்லுங்க?”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மசோதாவை நிறுத்தப் போனவன், அது வேண்டும் என்கிறவர்கள் கையில் ஒரு காரணத்தை நானே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் தொப்பிக்காரர் என் தோளில் கை வைத்தார்.  

அங்கே சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

போன மார்ச்சில் நான் டிரெய்லருக்குக் கீழே படுத்தேன். எண்ணைப் பார்த்தேன். நாலு டயரிலும் எண் உள்பக்கமாக இருந்தது. ஒன்றிரண்டு அப்படித் திரும்பியிருக்கலாம், நாலும் அப்படி இருக்காது. வேண்டுமென்றே மாட்டியதுதான். வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன்.

“அண்ணே, இந்த டயருக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆகுது.”

“பட்டனப் பாருடா.”

“பட்டன் இருக்கு. உள்ள செத்துப் போயிருக்கும்.”

“அந்தக் கதையெல்லாம் வேணாம். பாஸா, ஃபெயிலா? அதச் சொல்லு போலீஸ்காரா.”

“சட்டத்துல வயசு கணக்கில்ல. பாஸ்தான்.”

“அப்புறம் என்ன! ஜோனெல்கிட்ட வாயத் தெறக்காத. புதுசுன்னு சொல்லி வெச்சிருக்கேன். குளிர்காலத்துக்குத் திரும்ப டூசான் போகும்போது மாத்திடறேன்.”

யாரோ வயசான தம்பதி பயணத்தை விட்டுவிட்டு டிரெய்லரைப் பாலைவனத்திலேயே போட்டுவிட்டுப் போனார்களாம். அவர்களிடம் ஜெனரேட்டரைக் கொடுத்து நாலு டயரையும் கழற்றிக்கொண்டான். பெரிய லாபம் என்று நினைத்தான். என்னிடம் சொல்லும்போது அவன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் தாளில் கையெழுத்துப் போட்டேன். நாலு பேரும் சாப்பிடப் போனோம்.

ஆணி இல்லை அண்ணி. ஆணி ஏறினால் காற்று இறங்கும். அது பட்டையாக உரிந்து வெடித்தது. டெமிங் போலீஸ் அனுப்பிய படத்தில் பார்த்தேன்.

அக்டோபரில் நீங்கள் அந்த டிரெய்லரை எண்ணூறு மைல் இழுத்துக்கொண்டு அடக்கத்துக்கு வந்தபோது, எனக்கு முதலில் டயரைத்தான் பார்க்கத் தோன்றியது, உங்கள் முகத்தை அல்ல. அந்த அளவு டயர் என் கடையில் இல்லை. நாலுக்குச் சொல்லி அனுப்பினேன். திங்கள்கிழமை வருவதாக இருந்தது. மாட்டிவிட்டு உங்களிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதுவரை நீங்கள் கிளம்பக் கூடாது என்று சாவியை எடுத்து வைத்தேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டீர்கள். திங்கள்கிழமை டயர் வந்தது. கடையில் அப்படியே இருக்கிறது.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஏப்ரல் வரை நகர மாட்டீர்கள் என்ற தைரியத்தில் தள்ளிப் போட்டேன். நீங்கள் இங்கே வந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதுவும் பொய்தான். வந்திருந்தால் பேசாமல் டயரை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் நினையுங்கள். 14ஆம் தேதி கிளம்பாதீர்கள்.

ஹாலிஸ்


குவார்ட்ஸைட்
ஏப்ரல் 4

ஹாலிஸ்,

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தபால் ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன்.

திரும்பி வந்து பாயை விரித்துக் கீழே படுத்தேன். ஆர்விட், “என்ன தேடறீங்க, நான் பார்க்கட்டுமா?” என்றார். “உங்க நாணயத்த வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போங்க” என்றேன். போய்விட்டார்.

எண் 2911. மூன்றிலும் அதே. 2011ஆம் வருஷம் இருபத்தொன்பதாவது வாரம். ஒன்றில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. உள்பக்கம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அங்கேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டிரெய்லரின் அடிப்பக்கத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லை. வெல்டன் வெள்ளைப் பெயிண்டில் குழாய்களுக்கெல்லாம் பெயர் எழுதி வைத்திருக்கிறார். நல்ல தண்ணீர், கழிவுத் தண்ணீர், கேஸ். ஒவ்வொன்றையும் படித்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டு என்னோடு உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் பதின்மூன்று மாதம் அந்த டயர்களின் மேல் தூங்கியிருக்கிறேன். உனக்கு என் மேல் பயம், அவருக்கும் என் மேல் பயம். அவ்வளவு பயப்படுகிற மாதிரி நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் ஏமாந்தார் என்று தெரிந்தால் ஒரு வாரம் கேலி செய்திருப்பேன். அதற்குத்தான் பயந்திருக்கிறார். ஒரு வாரக் கேலி.

உன்னை என்ன நினைக்கிறேன் என்று கேட்காதே. தெரியவில்லை. தெரிந்தால் எழுதுவேன்.

ஆனால் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

டயர் வெடித்ததும் அவர் உதவி வண்டிக்குப் போன் செய்தார். மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அவர் காத்திருக்கத்தான் நினைத்தார். “லாரி ரொம்ப வேகமா போகுது ஜோனெல், ரோட்டுப் பக்கத்துச் சக்கரம், வேணாம்” என்றார். நான்தான், “மூணு மணி நேரமா? தங்கறதுக்குப் பதிவு பண்ணின இடம் போயிடும். எத்தனை தடவ மாத்தியிருக்க, என்னமோ புது மாப்பிள்ளை மாதிரி பயப்படற” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஜாக்கியை எடுத்தார். நான் உள்ளே ரொட்டிக்குக் கடுகு தடவிக்கொண்டிருந்தேன். டிரெய்லர் ஒரு தடவை ஆடியது. கத்தியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

இதை நீ கையெழுத்துப் போட்ட தாளோடு சேர்த்து வைத்துக்கொள். இரண்டில் எது கனம் என்று நிறுத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நாலு டயரையும் எடுத்துக்கொண்டு வா. நான் கிளம்ப மாட்டேன். இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியிடம், டயர் வரும்வரை வண்டியை அசைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். “15ஆம் தேதி கடைசிம்மா” என்றார். “16 ஆனா என்ன செய்வீங்க, நீங்களே இழுத்துட்டுப் போவீங்களா?” என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

டிரெஸியைக் கூட்டி வராதே. நீ வேலை செய்யும்போது நான் பக்கத்தில் நிற்க மாட்டேன். பேச்சு வேண்டாம். காபியும் சாப்பாடும் படியில் இருக்கும்.

ஜோனெல்


குவார்ட்ஸைட், உங்கள் பிக்கப்பின் கண்ணாடியில் செருகியது
ஏப்ரல் 12

அண்ணிக்கு,

வேலை முடிந்தது. நாலும் புதுசு. வெடித்ததற்குப் பதிலாக டெமிங்கில் போட்டதையும் மாற்றிவிட்டேன், அது அளவில் கொஞ்சம் சின்னது. பிரேக்கில் ஒரு கம்பி அறுந்திருந்தது, போட்டுவிட்டேன். இடது பின்விளக்கு மங்கலாக இருந்தது, அதுவும் மாற்றியாகிவிட்டது. சோதனைத்தாள் எழுதவில்லை. அரிசோனாவில் என் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

நீங்கள் மேவிஸ் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். ஆர்விட் மட்டும் மூன்று தடவை வந்தார். பழைய டயர்களைக் காட்டி, “இத எனக்குக் கொடுத்துடுங்களேன், பட்டன் இவ்வளவு நல்லாருக்கே, என் சின்ன டிரெய்லருக்கு ஆகும்” என்றார். அப்போதுதான் கத்தியை எடுத்து மூன்றின் பக்கவாட்டையும் நீளமாகக் கிழித்தேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். கிழித்ததை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். இங்கே விட்டுப் போனால் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

ஐம்பது மைல் போனதும் நிறுத்தி எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்குங்கள். புது சக்கரம் அமரும்போது நட்டு கொஞ்சம் தளரும். ஸ்பேனரைப் படியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எதோடும் சேர்த்து வைக்கவில்லை. டிரெஸியிடமும் சொல்லவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

பீன்ஸ் நன்றாக இருந்தது.

ஹாலிஸ்


சால்மன் ஆற்றங்கரை, ஐடஹோ
ஜூன் 19

ஹாலிஸ்,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

ஐம்பது மைலில் நிறுத்தினேன். ரோட்டோரத்தில் என்னால் நிறுத்த முடியாது. இனிமேல் முடியும் என்றும் தோன்றவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குள் வண்டியை விட்டு, பிள்ளைகள் வேலியில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க, எல்லாவற்றையும் இறுக்கினேன். இரண்டு நட்டு தளர்ந்திருந்தது. நூறு மைலில் மறுபடி பார்த்தேன். ஒன்றும் தளரவில்லை.

வேலை பரவாயில்லை. சாம்பல் அள்ளுகிறேன். யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுகிறேன். சாப்பாட்டில் ருசி தெரிய ஆரம்பித்திருக்கிறது. எல்லா நாளும் இல்லை.

மசோதாவில் கவர்னர் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். முகாமில் மூன்று டெக்ஸாஸ் வண்டிகள். ஒருவர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். “சோதனை போச்சு, ஆனா அதுக்கு வாங்குற ஏழரை டாலர் மட்டும் போகல, பாத்தீங்களா அவனுங்க சாமர்த்தியத்த!” என்று ஒருத்தி சத்தம் போட்டாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். சாப்பிட்டேன். உன் கடை வாசலில் இருக்கும் சோதனைப் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியது. உயரமான ஏணி வேண்டும். நீ தனியாக ஏறாதே.

மசோதா உடனே அமலுக்கு வராதாம். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறதாம். அதனால் வரும் மார்ச்சில் சோதனை உண்டு. அந்தக் கட்டத்தில் டிக் போட மாட்டேன், வருகிறேன். அது சட்டம். அதில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

உன் கடைக்குப் பின்னால் டிரெய்லருக்குக் கரண்ட் எடுக்கிற பெட்டி இருக்குமே, அதை எடுத்துவிடாமல் வைத்திருப்பாயா? நான் கேட்பது அதற்கு அடுத்த மார்ச்சை, சோதனை இல்லாத மார்ச்சைப் பற்றி.

ஜோனெல்